மாங்காய் அறுக்கிறப்ப இடது தொடை: என் மகளைப் பதிவேட்டில் சேர்த்த கதை

என் மகளுக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. சும்மா தடுக்கி விழுந்தாலே எலும்பு முறியும். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு பிள்ளைக்கு வரும் மரபு நோய். காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை.

பெங்களூரில் அவளைப் பார்க்கும் டாக்டர், 2017-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கிய அரிய நோய்ப் பதிவேட்டில் சேர்க்கலாமா என்று கேட்டார். "சேர்த்தா மருந்து இலவசமா?" என்றுதான் நான் கேட்டேன். இல்லையாம். சிகிச்சை வேறு, பதிவேடு வேறு. ஆங்காங்கே ஒவ்வொருவராக இருப்பவர்களின் விவரம் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி நகரும் என்றார். சரி என்றோம்.

விவரங்களை மருத்துவமனையே ஏற்றியது. நாங்கள் திணறியது ஒரே கேள்வியில்: இதுவரை எந்தெந்த எலும்பு, எந்த வயதில் முறிந்தது? பாதிக்கு எக்ஸ்ரேயே கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது கட்டுப் போடும் வைத்தியரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, துணி. சீட்டு எங்கே இருக்கும்? ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளையை அடித்தீர்களா என்று வேறு கேட்டார்கள். அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் என் அம்மாதான் கைகொடுத்தார். "தோப்புல மாங்காய் அறுக்கிறப்ப இடது தொடை. அடுத்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி அதே கால்." டாக்டர் அதை அப்படியே 'தோராயம்' என்று குறித்துக்கொண்டார். தெரியாத தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள், வெற்றாக விடுவதே மேல் என்றார்.

அப்புறம் வம்சாவளிப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நான் அத்தை மகளைக் கட்டினவன். எங்கள் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு விழுந்தது. சொந்தத்தில் கட்டியதற்கு அதுதான் குறி. பெரும்பாலானவர்களுக்கு, எலும்புக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரதத்துக்கான மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே இந்த நோய் வந்துவிடும். எங்கள் மகளுக்கு வந்தது அரிதான வகை: வேறொரு மரபணு, அதன் இரண்டு பிரதியும் பழுது. எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொன்று, வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாம். என் அப்பாவின் வீட்டு வழியாக வந்திருக்க வேண்டும் என்றதும் அம்மா முகத்தில் ஒரு திருப்தி. மாமியார்-நாத்தனார் கணக்கு அங்கேயும் ஓடியது!

கையெழுத்து விஷயத்தில் அவசரப்படுத்தவில்லை. மகளுக்கு 13 வயது என்பதால் அவள் சம்மதத்துக்குத் தனிப் படிவம். ரத்தத்தைச் சேமிக்க ஒன்று, புகைப்படத்துக்கு ஒன்று. பெயருக்குப் பதில் எண்தான் போகும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது என்று சொன்னார்கள். "போட்டோ வேணாம்" என்றாள் மகள். டாக்டர் அந்தத் தாளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

இப்போது ஒவ்வொரு செக்கப்பிலும் புது விவரம் சேர்க்கிறார்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துவிடுகிறோம். தேதியும் இடது, வலதும் எழுதும் நோட்டை மகளே வைத்திருக்கிறாள். என் கையெழுத்து அவளுக்குப் புரியவில்லையாம்.