சேவ் நிற்காத போக்கிமான் கோல்டு

கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவியில் போடும் போக்கிமான் கோல்டு கேட்ரிட்ஜ் ஒன்று இன்று மேசைக்கு வந்தது. அருமையாக ஓடுகிறது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மட்டும் சேவ், அதாவது விளையாடிச் சேமித்து வைத்தது, காணோம்.

கேம் கெடவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கேம் இருப்பது ரோம் சிப்பில், அது அழியாது. சேவ் இருப்பது ராம் சிப்பில். அதற்கு மின்சாரம் அறுபடவே கூடாது.

1999-ல் ஜப்பானில் வெளியான இந்தக் கேமுக்குள் ஒரு கடிகாரமும் உண்டு. வெளியே இருட்டினால் கேமிலும் இருட்டும்! கேம்பாயை அணைத்த பிறகும் அந்தக் கடிகாரம் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கேட்ரிட்ஜைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் திருகின் தலை வீணாகிவிடும்.

தகடு ஒட்டியே வரும் 3 வோல்ட் சிஆர்2025 பேட்டரி வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேராக சால்டர் (ஈயப்பற்று) வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். டேப் சுற்றி ஒப்பேற்றினால் ஒருநாள் தொடர்பு விட்டு, சேவும் போய்விடும்.

பழையதைக் கழற்றும் முன் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து வையுங்கள். சேவ் இன்னும் உயிரோடு இருந்தால் கேட்ரிட்ஜைக் கணினியில் படிக்க உதவும் கேட்ரிட்ஜ் ரீடரில் முதலில் பிரதி எடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடும்.

1989-ல் வந்த கேம்பாய்க்கு இன்றும் புதுக் கேம்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் தனியாட்களே உருவாக்குகிறார்கள். அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் மனசு துள்ளுகிறது. வாங்கும்போது சேவுக்குப் பேட்டரி தேவையா என்று கேளுங்கள். சிலவற்றுக்குத் தேவையே இல்லை.

மாற்றி முடித்ததும் சேவ் செய்து, அணைத்து, கேட்ரிட்ஜை உருவி, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். 'கன்டினியூ' வர வேண்டும்.