கருநீல பாப்ளின் குர்தா: நெஞ்சுப் பட்டியின் அடிமூலை மூன்றாவது முறையில் படிந்தது

நெஞ்சுப் பட்டி, அதாவது குர்தாவின் முன் திறப்புக்கு இருபுறமும் வைக்கும் துணிப்பட்டி, ஒருவழியாகச் சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. காலரும் கையும் இன்னும் ஏற்றவில்லை. அடிமூலை மிச்சத் துணியில் இரண்டு தடவை கெட்டு, மூன்றாவதாக முன்பாகத்தில் தைத்தபோதுதான் சரியாக வந்தது. கைப்பக்குவம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

துணி கருநீல காட்டன் பாப்ளின், 44 இன்ச் பன்னா (அகலம்). 40 இன்ச் நீளக் குர்தாவுக்கு 2.5 மீட்டர் போதும். பட்டியைப் பழகிப் பார்க்கவென்றே 2.75 வாங்கியது நல்லதாயிற்று. ராத்திரி முழுக்க ஊறப்போட்டு நிழலில் காய வைத்ததில் நீளத்தில் 7 செ.மீ. சுருங்கியது. நனைக்காமல் வெட்டியிருந்தால் முதல் துவைப்பிலேயே குட்டையாகியிருக்கும்.

சாயம் போகிறதா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் தெரிந்துவிடும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது சாயத் தொட்டியில் செய்ய வேண்டிய வேலை. சாயம் ஏறி முடிந்த துணியில் உப்புக்கு வேலையில்லை. ஒட்டாத மிச்சச் சாயத்தை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி வெளியேற்றுவதுதான் வழி. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் அலசினால் கருநீலத்தில் வெள்ளை பூத்த மாதிரி திட்டு விழுகிறது.

பிரிண்ட் துணியில் ஒரு மில்லிமீட்டர் பிசகு பூவுக்குள் ஒளிந்துகொள்ளும். பிளைனில் அது மட்டும்தான் கண்ணில் படும். நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எது என்றும் தெரியாது. வெட்டியவுடனே ஒவ்வொரு துண்டின் கெட்ட பக்கத்திலும் சோப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். விட்டால் இரண்டு கையும் இடது கையாகவே வந்து நிற்கும். அடர்நிறத்துக்கு மெழுகு சாக்பீஸ் ஆகாது. இஸ்திரிச் சூட்டில் உருகி எண்ணெய்க் கறையாகிவிடும். தேய்ந்து மெலிந்த குளியல் சோப்புத் துண்டை விட நல்ல கோடு எதிலும் விழுவதில்லை.

இனி பட்டி. திறப்பு 13 இன்ச், தைத்து முடித்த அகலம் 1¼ இன்ச். இரண்டு பட்டித் துண்டும் 3¼ இன்ச் அகலம்: மடிப்புக்கு இரண்டு மடங்கு, தையலுக்கு இருபுறமும் ⅜. இதுவரை சிக்கல் இல்லை. அடியில் இரண்டு தையல் கோடும் முடியும் அந்த இரண்டு புள்ளிகளில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் முயற்சியில் மேலிருந்து கீழே தைத்தேன். மெஷினின் பல் அடித்துணியை இழுக்க, துணியை அழுத்தும் ஃபுட் மேல்துணியைத் தள்ள, 13 இன்ச் ஓடி முடிவதற்குள் இரண்டு கோடும் ஏறத்தாழ 2 மி.மீ. வித்தியாசத்தில் நின்றன. கட்டம் சாய்ந்துவிட்டது. இரண்டாவது முயற்சியில் இரண்டு கோட்டையும் கீழ்ப் புள்ளியிலிருந்து மேலே தைத்ததில் மட்டம் சரியானது. ஆனால் மூலை வெட்டு கோட்டைத் தொடாமல் 2 மி.மீ. முன்னாலேயே நின்றதால் மூலையில் துணி இழுத்து, ஒரு சிறு பை போலச் சுருங்கியது. அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் வெட்டினேன், ஓட்டை விழுந்தது.

மூன்றாவதில் மாற்றியது இவ்வளவுதான். மூலைகள் வரும் இடத்தில் கெட்ட பக்கத்தில் இரண்டரை இன்ச் அகலம், ஒரு இன்ச் உயரத்துக்கு மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் (சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) வைத்து இஸ்திரி போட்டேன். இழை பிரியாமல் அது பிடித்துக்கொள்கிறது. புள்ளிகளைச் சோப்பால் வைக்காமல் வெள்ளை நூலில் கையால் ஒரு தையல் போட்டுக் குறித்தேன். துணியைத் திருப்பினாலும் அது இடம் மாறாது. புள்ளியில் ஊசியை இறக்கி, முதல் ஒரு இன்ச்சுக்கு 1.5 மி.மீ. நெருக்கத் தையல், பிறகு 2 மி.மீ. ரிவர்ஸ் அடிக்கவில்லை, மூலையில் தடிப்பு வந்துவிடும். நூல் நுனியைக் கையால் முடிச்சுப் போட்டேன். நடுவில் வெட்டிக்கொண்டு வந்து அடிக்கு அரை இன்ச் முன்னால் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூலைக்கும் சாய்வாக வெட்ட வேண்டும். பட்டித் துண்டை ஒதுக்கிவிட்டு, முன்பாகத் துணியை மட்டும். கூரான சின்னக் கத்தரியின் நுனியை முதலில் புள்ளியில் வைத்துக்கொண்டு மூடினால் தாண்டிப் போகாது. தையலுக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு இழை நிற்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அந்த ஒற்றை இழை தெரியும். பட்டியைத் திருப்பிப் போட்டபோது முக்கோண நாக்கு தானாகக் கீழே இறங்கி, மூலை தாள் மடித்த மாதிரி நின்றது. அதைப் பார்த்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல!

பட்டியின் நீளத் தையலில் வந்த அலைச் சுருக்கம் வேறு விஷயம். மேல்நூலை இன்ச்சுக்கு ஒரு இடத்தில் கத்தரித்துப் பாருங்கள். சுருக்கம் தளர்ந்தால் நூலின் டென்ஷன் (இறுக்கம்) அதிகம். தளராமல், தையலை முழுக்கப் பிரித்தால்தான் போகிறது என்றால், நெருக்க நெசவுக்குள் நூல் இடம் பிடித்து இழைகளை ஒதுக்குகிறது என்று அர்த்தம். பாப்ளினில் பாவு, அதாவது நீளவாக்கு இழை, நெருக்கம். அதனால் நீளவாக்குத் தையலில்தான் இது மோசம், குறுக்குத் துணியில் தைத்தால் காணவே காணோம். 14 நம்பர் ஊசியைக் கழற்றி, அதைவிட மெல்லிய புது 11 போட்டதும் பாதி குறைந்தது. மீதி, அடிநூல் சுற்றும் பாபினில் இருந்தது. பாலியெஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் இழுபட்டே ஏறுகிறது. தைத்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பி, கூடவே துணியையும் இழுக்கிறது. மெதுவாகச் சுற்றிய பாபினில் தையல் தட்டையாக வந்தது.

நூல் நிறத்தை நூல்கண்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றை இழையைப் பிரித்துத் துணி மேல் போட்டு, கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பொருந்திய நூல் வெயிலில் ஊதாவாகத் தெரிந்தது. சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி அடர்த்தியானதை எடுங்கள். வெளிர் நூல் கோடு போட்ட மாதிரி எட்டிப் பார்க்கும்.

துணி வாங்கும் விஷயம். கோடவுன் தெரு மொத்த வியாபாரத் தெரு. அங்கே இரண்டரை மீட்டர் கேட்பதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நிறத்தில் ரோலாக எடுத்துப் பிரித்துக்கொள்வது லாபம். சில்லறைக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. எங்கே வாங்கினாலும் மொத்தத் துணியும் ஒரே ரோலிலிருந்து வர வேண்டும். அதே நிறம் என்று வேறு ரோலில் வெட்டிய துண்டைக் கையில் வைத்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாகிவிடும். ஷெல்ஃபில் வெகுநாள் இருந்த துணியில் மடிப்புக் கோடு வெளுத்திருக்கும். முழுக்க விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்து காக்கி டிரில் பேன்ட். பெரம்பூர் பக்கம் பின்னி மில் ஓடிய காலத்தில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் காக்கி நெய்து அனுப்பிய ஊர் இது. 1990களில் மில் மூடிவிட்டது. நம் ஊர்த் துணி என்று சொல்லத்தக்க ஒன்றை நம் கையால் தைத்துப் போட ஆசை. டிரில்லில் சாய்வு வரி உண்டு என்பதால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், ஊசி 16. மெஷினுக்கு எண்ணெய் விட்ட பிறகு இரண்டு நிமிஷம் கழிவுத் துணியில் ஓட்டுவதையும் மறக்கக் கூடாது. கடல்காற்றுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டியிருக்கிறது, பிளைனில் ஒரு சொட்டு விழுந்தாலும் தீர்ந்தது.

இப்போதைக்குக் குர்தாவில் காலர் பாக்கி. மடியாமல் நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டு காலர், 1¼ இன்ச் உயரம். உள்ளே வைக்கும் காட்டன் கேன்வாஸைத் தனியாக நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நனைக்காமல் வைத்தால் துணியை விட அதிகமாகச் சுருங்கி, காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். காய்ந்ததும் தையல் மார்ஜின் இல்லாமல் வெட்டி, முன்பக்க வளைவு இரண்டும் ஒன்றுபோல வர அட்டையில் ஒரு பாதி அச்சு எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு மறுபாதியை வரையப் போகிறேன்.