நான் சுட்ட நான்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்திருந்த அக்கா, நியூஜெர்சிக்குத் திரும்பும்போது பிஸ்குவிக் என்ற அமெரிக்க ரெடிமேட் மாவு மிக்ஸ் பெட்டி ஒன்றை எங்கள் சமையலறையில் விட்டுச் சென்றாள். குழந்தைகளுக்குக் காலையில் பேன்கேக் சுட்டுத் தரக் கொண்டுவந்தது. அவர்களோ வந்த இரண்டாம் நாளே கறிதோசைக்கு மாறிவிட்டார்கள். பெட்டி பிரிக்கப்படவே இல்லை. "தயிர் விட்டுப் பிசைந்தால் இதிலேயே 'நான்' ரொட்டி சுடலாம்" என்று ஆட்டோவில் ஏறும்போது அக்கா சொன்னாள். ஐந்து வாரமாக அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் மாயம் ஒன்றும் இல்லை. மைதா, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் இனிப்பு. ஆனால் இது பிறந்த கதை சுவையானது. 1930இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித், நேரம் கழித்து ரயிலின் உணவுப் பெட்டிக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். சில நிமிடங்களில் சுடச்சுட பிஸ்கட் வந்திருக்கிறது. அந்த ஊர் பிஸ்கட் நம் டீக்கடை பிஸ்கட் இல்லை. உப்பி உதிரும் சின்ன பன் மாதிரி. எப்படி இவ்வளவு விரைவாக என்று விசாரித்தால், சமையற்காரர் மாவு, பன்றிக்கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்பே கலந்து குளிரில் வைத்திருந்தாராம். அடுத்த ஆண்டே அந்த யோசனை பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்துவிட்டது. இதை நான் வாசித்துக் காட்டியதுதான் தவறு. பன்றிக்கொழுப்பு என்றதும் அம்மா பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். இப்போது தாவர எண்ணெய்தான் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகே அடுப்படிக்குள் விட்டாள்.

முதல் சனிக்கிழமை: ஆர்வக்கோளாறில் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்தேன். தேய்த்தால் ஓரமெல்லாம் வெடித்தது. சுட்டது முறுக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தெருநாய்கூட முகர்ந்துவிட்டுத்தான் தின்றது.

இரண்டாவது முறை தயிர். கத்திரி வெயிலில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் கடுத்துவிடும். அதுவே இதற்கு நல்லது. புளிப்புப் பட்டதும் மாவிலுள்ள சோடா பொங்கி, கையிலேயே மெத்தென்று ஆனது. ஆனால் இழுத்தால் நீளவில்லை, பிய்ந்தது. நான்ஸ்டிக் தவாவில் போட்டேன். வெளுத்து, குண்டாக, உப்புப் போட்ட கேக் போல எழுந்து நின்றது. சாப்பிடலாம். நான் என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் மாவில் ஓர் உருண்டையை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனை பரோட்டா மாஸ்டரிடம் போனேன். சாயங்காலம் ஐந்து மணி, அவர் உருண்டைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். என் உருண்டையைக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, இரண்டு விரலில் இழுத்துப் பார்த்தார். "இதில் முன்னமே எண்ணெய் ஏறியிருக்கிறதே தம்பி. பிசைந்த பிறகு எண்ணெயில் ஊறினால் மாவு இழுபடும். பிசைவதற்கு முன்பே எண்ணெய் கலந்தால் மாவு ஒன்றோடொன்று பிடிக்காது" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தால் முழுக்கச் சரி. பிஸ்கட் உதிர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கொழுப்பு; மாவின் பசைத்தன்மை இழை கட்டாமல் அது தடுக்கிறது. நானுக்கு வேண்டியதோ அந்த இழைதான்.

ஆகவே மூன்றாவது முறை பாதிக்குப் பாதி: மிக்ஸ் ஒரு கப், சாதா மைதா ஒரு கப், கெட்டித் தயிர் அரை கப், தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தேன். இழுத்தால் வந்தது! அதோடு நிறுத்தியிருக்கலாம். மாஸ்டரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தேன். பரோட்டா மாவில் பேக்கிங் பவுடர் கிடையாது, அது எவ்வளவு நேரமும் ஊறும். இதுவோ ஈரம் பட்டவுடனே பாதிக் காற்றை விட்டுவிடும்; மிச்சம்தான் சூட்டில் வரும். மூன்று மணி நேரத்தில் அந்த முதல் பாதி போயே போய்விட்டது. இப்போது இருபது நிமிடம், ஈரத்துணி போட்டு மூடி, அவ்வளவுதான்.

அடுத்தது கல். தந்தூர் அடுப்பில் நான் சுவரில் ஒட்டிக்கொண்டு வேகிறது. வீட்டில் அதைச் செய்ய, நானின் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி காய்ந்த இரும்புக் கல்லில் போட வேண்டும். மேலே கொப்புளம் கிளம்பியதும் கல்லையே தூக்கித் தீக்கு நேரே கவிழ்க்க வேண்டும். ஒட்டாத தவாவில் இது நடக்காது. அப்பத்தா காலத்து தோசைக்கல்லை எடுத்தேன். கைப்பிடி கிடையாது, இடுக்கியால் தூக்கினால் மணிக்கட்டு கெஞ்சுகிறது. கவிழ்த்ததும் நான் வழுக்கிக்கொண்டு பர்னர் மேலேயே விழுந்து கருகியது. ஐம்பது வருட நல்லெண்ணெய் ஏறிய கல்லில் எது ஒட்டும்? தண்ணீரும் மாவும் பட்டுக் கல் கெட்டுவிட்டது என்று அம்மா ஒரு பக்கம். மறுநாள் முதல் தோசை பிய்ந்தது உண்மைதான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கீழமாசி வீதிப் பக்கம் போய், கைப்பிடி வைத்த தட்டையான இரும்புக் கல் ஒன்று வாங்கி வந்தேன். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவை, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய், நாலு நாளில் பழகிவிடும் என்றாள் அம்மா. இந்தக் கல் பழகவே கூடாது என்றேன். "ஒட்ட வேண்டும் என்று கல் வாங்கியவன் இந்த ஊரிலேயே நீ ஒருவன்தான்."

நான்காவது சனிக்கிழமை, கவிழ்த்தேன், ஒட்டியது. தீ நாக்கு பட்ட இடமெல்லாம் கொப்புளம் எழுந்து கறுப்புப் புள்ளி விழுந்தது. கரண்டியால் நெம்பி எடுத்து வெண்ணெய் தடவி அம்மாவிடம் நீட்டினேன். பிய்த்து வாயில் போட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

இந்த வாரம் பெட்டி காலி. ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு என்று நானே கலந்தேன். கொழுப்பை விட்டுவிட்டேன், சாதா மைதாவைத் தனியாகச் சேர்க்கும் வேலையும் மிச்சம். சொல்லப்போனால் அந்தப் பெட்டியைவிட இது நன்றாகவே இழுபடுகிறது. பேக்கிங் பவுடர் டப்பா பழையதாக இருந்தால் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள்; நுரைக்காவிட்டால் குப்பைக்குத்தான்.

மாவை மூடி வைத்துவிட்டுச் சால்னா வாங்கப் போனேன். சால்னா மட்டும் தர மாட்டார்கள் என்பதால் இரண்டு பரோட்டாவும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தால் அடுப்படியில் நல்லெண்ணெய் வாசனை. என் புதுக்கல் அடுப்பில் இளஞ்சூட்டில் மினுமினுக்கிறது. அம்மா பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இரும்பு இப்படிக் காய்ந்து கிடக்கலாமா என்று என்னையே கேட்டாள். சோப்பும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நான் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டு பரோட்டாவும் சால்னாவில் பாதியும் காலியாகியிருந்தன.