கோடு ஏறினால் மரபணு விழித்துவிட்டது என்று எழுதாதீர்கள்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பாஸ். ஆனால் டெவலப்மென்டல் பயாலஜி (கரு வளர்ச்சி) தாளில் நினைத்ததைவிடப் பதினொரு மார்க் கம்மி. எங்கே போயிற்று என்று எனக்கே தெரியும்: அந்த கிராஃப் கேள்வி.

பழ ஈக் கருவின் முதல் 3 மணி நேரம், மூன்று எம்ஆர்என்ஏக்களின் (மரபணுவிலிருந்து எடுத்த செய்தி நகல்களின்) அளவு. ஒரு கோடு விழுகிறது. ஒன்று தரையோடு கிடந்துவிட்டுக் கடைசியில் எழுகிறது. மூன்றாவது இறங்கி ஏறுகிறது. விழுகிற கோட்டுக்கு ‘டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுத்தப்படுகிறது’ என்று, அதாவது மரபணுவிலிருந்து எம்ஆர்என்ஏ உருவாவது நிற்கிறது என்று, அரைப் பக்கம் எழுதினேன். தொடங்கவே இல்லாததை யார் நிறுத்துவது! அது தாய் முட்டையில் போட்டுவைத்த சரக்கு. ஸ்மாக் புரதம் ஆர்என்ஏவைச் சிதைக்கிற புரதங்களைக் கூட்டிவந்து அதை அழிக்கிறது. கருவின் சொந்த டிரான்ஸ்கிரிப்ஷன் பெருமளவில் தொடங்குவது 14-ஆவது நியூக்ளியர் சுழற்சியில் (கருவின் உட்கருக்கள் பிரிகிற சுற்றில்). அதற்கு முன்பே டிஎன்ஏவைத் திறந்துவைப்பது ஸெல்டா என்ற புரதம். மூன்றாவது கோடு ஹன்ச்பேக் என்ற மரபணுவின் ரகம்: தாயும் தருகிறாள், கருவும் செய்கிறது.

அதனால் கிராஃபைப் பார்த்ததும், கேள்வியைப் படிக்கும் முன்பே, ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் பென்சிலால் ‘தா’ அல்லது ‘க’ அல்லது இரண்டையும் எழுதிவிடுங்கள். தாயுடையதா, கருவுடையதா, இரண்டுமா. மற்றதெல்லாம் பிறகு.

ஏறுகிற கோட்டையும் நம்பாதீர்கள். முட்டை செயல்படத் தொடங்கியதும் பைகாய்டு என்ற தாய் எம்ஆர்என்ஏவின் பாலி-ஏ வால் (கடைசியில் தொடராக வரும் ‘ஏ’ எழுத்துகள்) நீள்கிறது. வாலைப் பிடித்து ஆர்என்ஏவைப் பிரித்து எண்ணினால், புதிதாக ஒன்றுகூட உருவாகாமலே எண்ணிக்கை கூடினாற்போலக் காட்டும். கிராஃபுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற செய்முறை வரியைப் படியுங்கள். நான் படிக்கவில்லை.

மிச்சம், சுருக்கமாக:

- பழ ஈயின் நேரக்கணக்கை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். சி. எலிகன்ஸ் என்ற புழுவில் 4 செல் கட்டத்திலேயே உடற்செல்களில் டிரான்ஸ்கிரிப்ஷன் தொடங்கிவிடும். முட்டையோ விந்தோ ஆகப்போகிற இனச்செல் வரிசையில் மட்டும் பை-1 என்ற புரதம் அதை அமுக்கி வைத்திருக்கும்.
- கடல் அர்ச்சினின் (முள் உடம்புக் கடலுயிரி) கருவுற்ற முட்டையை, டிரான்ஸ்கிரிப்ஷனைத் தடுக்கிற ஆக்டினோமைசின்-டியில் போட்டாலும் பிளாஸ்டுலா (உள்ளீடற்ற செல் பந்து) வரை பிளவுபடும். செல்கள் உள்ளே நகர்ந்து அடுக்குகளாகிற கேஸ்ட்ருலேஷன்தான் நடக்காது. ஏன் என்று இரண்டே வரியில் சொல்லத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.
- அதே கடல் அர்ச்சின் கருவின் மைக்ரோமியரில் (கீழ் முனையில் இருக்கிற சின்ன செல்) பிமார்1 மரபணு ஹெஸ்சி மரபணுவை அடக்குகிறது, ஹெஸ்சி மற்ற மரபணுக்களை அடக்குகிறது. இதைப் படமாகப் போடுங்கள். வாக்கியமாக எழுதினால் எதை எது அடக்குகிறது என்று நடுவில் குழம்பும், எனக்குக் குழம்பும்.
- பழ ஈக் கருவைத் துண்டங்களாகப் பிரிக்கிற கேப், பேர்-ரூல் மரபணுக்களின் பட்டியலை ஒப்பிப்பது, அந்த ஆய்வுக்கான 1995 நோபல்: மனப்பாடம் வருகிறவர்கள் செய்யுங்கள். எனக்கு வராது, இந்தத் தடவை கேட்கவும் இல்லை.

ரீவேல்யுவேஷன் போடச் சொல்கிறார்கள். எதற்கு? அந்த அரைப் பக்கத்தை இன்னொருவரும் படிப்பதற்கா?