கைக்குட்டைக்கு ஓரம் போடுகிறேன், இன்னும் போடுகிறேன்

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு எஸ்டேட் சேல். வீட்டுக்காரர் காலமானதும் சாமான்களுக்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டிக் கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் உள்ளே போய் அலமாரியைக் குடைவார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு பெரிய அடிகனமான பாத்திரம் கிடைக்குமா என்று போனவள், ஷூ டப்பா நிறையப் பழைய பத்திரிகையோடு திரும்பினேன். 'தி வொர்க்பாஸ்கெட்', 14 இதழ்கள், எல்லாம் 1950களில் வந்தவை, மொத்தம் 6 டாலர்.

எங்கள் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் வரும் கான்சஸ் சிட்டியில் பிறந்த பத்திரிகை இது. 1935ல் தொடங்கி 1996 வரை வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய அளவு. குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது), ஸ்வெட்டர் பின்னல், எம்ப்ராய்டரி, தோட்டக் குறிப்பு, சமையல் எல்லாம் உண்டு. (அந்தக் காலத்து அமெரிக்கச் சமையல் குறிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். துருவிய கேரட்டை ஜெல்லிக்குள் உறைய வைத்து அதற்கு சாலட் என்று பெயர்.) வீட்டில் இருந்தபடி நாலு காசு சம்பாதிக்கும் வழிகளை வாசகிகள் எழுதும் 'விமன் ஹூ மேக் சென்ட்ஸ்' என்ற பகுதியும் உண்டு. காசைக் குறிக்கும் சென்ட்ஸ், புத்தியைக் குறிக்கும் சென்ஸ், இரண்டும் காதுக்கு ஒன்றுதான். இந்தச் சிலேடையைப் போட்டவருக்கு ஒரு கும்பிடு.

முதல் இரண்டு வாரம் துண்டில் பூவேலை செய்து பார்த்தேன். அடுப்படித் துண்டு ஏழு, கிழமைக்கு ஒன்று என்பது இங்கே பழைய வழக்கம். திங்கள் துவைப்பு, செவ்வாய் இஸ்திரி, புதன் கிழிசல் தைப்பது, வியாழன் கடை, வெள்ளி வீடு சுத்தம், சனி ரொட்டி சுடுவது, ஞாயிறு ஓய்வு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதைப் பார்த்ததும் நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் துண்டுகளுக்கு அப்போது கடைத்துணி தேடவேண்டியதில்லை. மாவு வரும் பருத்திப் பையைப் பிரித்து, அச்சு மை போகும்வரை துவைத்து, துண்டாக்கிக் கொள்வார்கள். பையின் வாயைத் தைத்திருந்த நூலைக்கூட உருவிச் சுற்றி வைத்து, பிறகு குரோஷேக்கு எடுப்பார்களாம்.

நான் செய்தது சொதப்பல். இஸ்திரி போட்டால் துணியில் மை இறங்கும் தாள் என்னிடம் இல்லை. பத்திரிகையில் இருந்த பூனைப் படத்தைக் கிழமைப் பெயரோடு டிரான்ஸ்ஃபர் பென்சிலால் மெல்லிய தாளில் அப்படியே வரைந்து, கவிழ்த்து, சூடு வைத்தேன். பூனை நன்றாகத்தான் வந்தது. கிழமைப் பெயர் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலமிருந்து இடமாக நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் வரைந்திருக்க வேண்டும். அழியாத பென்சில் வேறு. அந்தத் துண்டு இப்போது மிக்ஸி துடைக்கிறது.

மூன்றாவது வாரத்தில் டாட்டிங் என்ற லேஸ் வேலைக்கு வந்தேன். ஊசி இல்லை, கொக்கி இல்லை. படகு வடிவில் விரல் நீள ஷட்டில் ஒன்று, அதில் சுற்றிய நூல், அவ்வளவுதான். முடிச்சு முடிச்சாகப் போட்டு, வளையமாக இழுத்து, வளையங்களைக் கோத்துக்கொண்டே போனால் லேஸ் ஓரம் வரும். நான் எடுத்தது ஒரு கைக்குட்டை ஓரம். பத்திரிகையில் அதற்கு ஒரு மங்கிய புகைப்படமும் எட்டு வரியும்தான். வளையத்தில் 5 முடிச்சு, ஒரு பிக்கோ (முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்ன நூல் கண்ணி), மறுபடி 5, பிக்கோ, 5, பிக்கோ, 5, வளையத்தை மூடு, வேலையைத் திருப்பு. இதுவும் முழுச் சொல்லாக இல்லை, ஓரெழுத்து ஈரெழுத்துச் சுருக்கமாக.

'வளையத்தை மூடு.' எப்படி மூடுவதாம்? ஒன்பது நாள் என் வளையம் மூடவே இல்லை. இழுத்தால் நூல் அறுந்தது.

தப்பு என்னவென்று பிறகு பிடிபட்டது. கையில் சுற்றிய நூலைச் சுற்றி ஷட்டில் நூல் முடிச்சுப் போட்டால், அது அங்கேயே இறுகிவிடும். முடிச்சு கை நூலில் விழவேண்டும், ஷட்டில் நூல் உள்ளே கம்பிபோல் நேராக ஓடவேண்டும். அதற்கு இறுக்கும் நேரத்தில் வலது கை நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இடது விரல்களைத் தளர்த்த வேண்டும். அப்போது முடிச்சு ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவும். விரல் நுனியில் 'டக்'கென்று தெரியும். இதைப் பத்திரிகை சொல்லவில்லை, சொல்ல நினைக்கவும் இல்லை. படிப்பவளுக்கு அத்தையோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ ஏற்கெனவே காட்டித் தந்திருப்பாள் என்ற நினைப்பில் எழுதிய எட்டு வரி அது. 'தேவையான உப்பு' என்று எழுதுகிற நம் சமையல் புத்தகம் மாதிரி. முதலில் எரிச்சலாக இருந்தது. தாவல் பிடிபட்ட அன்று அதே எட்டு வரியை எடுத்துப் பார்த்தால், ஒரு சொல்கூடக் குறையவில்லை என்று பட்டது.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மாவுக்கு நாகர்கோவில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே கற்றுக்கொடுத்த லேஸ் வேலை, தலையணையில் குண்டூசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. அதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

"இது லேஸா மக்களே? வெறும் முடிச்சுல்லா."

முடிச்சுதான் அம்மா, என்றேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, அந்த ஷட்டிலைக் கொஞ்சம் கிட்டே காட்டு என்றார்.

கணக்கு இதுதான்: கைக்குட்டை ஒரு பக்கம் 12 அங்குலம், நாலு பக்கம் 48. ஒரு வளையமும் அதிலிருந்து அடுத்த வளையத்துக்குப் போகும் வளைவும் அரை அங்குலம் பிடிக்கும். ஆக 96 வளையம், மூலைகளுக்குக் கூடுதலாக நாலு. பழகும்போது 10ஆம் எண் நூல் எடுத்தேன், இப்போது 20. எண் கூடினால் நூல் மெலியும். முதல் வளையத்துக்கு இருபது நிமிடம் ஆனது, இப்போது நாலு நிமிடம், யாரும் கூப்பிடாமல் இருந்தால். நடுவில் ஓர் இடத்தில் பக்கத்து வளையத்தோடு கோக்க மறந்துவிட்டேன். டாட்டிங் முடிச்சைப் பிரிப்பதற்குப் பதில் புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவு பிடிவாதம் அதற்கு. அந்த இடத்தில் ஊசி நூலால் ஒரு தையல் போட்டுவிட்டேன். கைக்குட்டையைக் கையில் எடுத்துத் தேடினால்தான் தெரியும்.

பத்திரிகையில் அந்த எட்டு வரி இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து ஐந்தாக. முன்பு இதை வைத்திருந்தவர் எண்ணிக்கொண்டே போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 67ல் நிற்கிறது. அவர் கைக்குட்டை சின்னதோ, வேறு வேலை வந்துவிட்டதோ. அவர் கோடுகளுக்குக் கீழே நானும் போட ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி 71. மூன்றாவது மூலைக்கு இன்னும் நாலு பாக்கி, ஷட்டிலில் நூல் தீர்ந்துவிட்டது.