டாம்ரன் 28-75 ஜி2: வன்னிப் புழுதிக்குள் ஒரு முதற்பார்வை

சோனி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சர் உள்ள) கமரா வாங்கி, அதோடு பெட்டிக்குள் வந்த 28-70 கிட் லென்ஸில் கொஞ்சக்காலம் ஓட்டியவர்கள், அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்கும்போது முதலில் அடிபடும் பெயர் டாம்ரன் 28-75 எஃப் 2.8. முதல் பதிப்பு 2018 இல் வந்தது. ஜி2 என்ற இரண்டாவது பதிப்பு 2021 இல் வந்தது. சந்தைக்கு அது பழையது என்றாலும், கலியாணவீட்டு வேலையில் இப்போதுதான் கால் வைக்கிற ஆளுக்குப் புதிய லென்ஸ்தான். அப்படியானவர்களுக்காகவே இந்தப் பதிவு.

எடை 540 கிராம், நீளம் 117.6 மி.மீ., ஃபில்டர் அளவு 67 மி.மீ. கிட் லென்ஸ் 295 கிராம் என்பதால் கையில் எடுத்தவுடன் பாரம் தெரியும். ஆனால் சோனியின் சொந்த 24-70 ஜி.எம். இரண்டாம் பதிப்போ 695 கிராம். காலை முகூர்த்தம் தொடங்கி மாலை வரவேற்பு வரை கழுத்தில் தொங்கப்போகிற சாமான் அது, 155 கிராம் சும்மா இல்லை.

கிட் லென்ஸிலிருந்து மாறுவதன் பலன் வெளிச்சத்தில்தான். கிட்டில் 70 மி.மீ. க்குப் போனால் துவாரம் 5.6 ஆகச் சுருங்கிவிடும். இதில் கடைசிவரை 2.8. இரண்டு ஸ்டொப் வித்தியாசம், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். அங்கே ஐ.எஸ்.ஓ. (சென்சரின் வெளிச்ச உணர்திறன்) 6400 கேட்ட படம் இங்கே 1600 இல் வரும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இரவிலோ, மின்குமிழ் நாலைந்து மட்டும் எரிகிற ஊர்க்கோயில் திருவிழாவிலோ இந்த இரண்டு ஸ்டொப்தான் முகத்தைச் சேறாக்காமல் காப்பாற்றும். துவாரம் 2.8, ஷட்டர் வேகம் 160 இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்கி மேலே கீழே ஏற்றி இறக்கலாம்.

இனி எல்லோரும் சொல்கிற குறை: “28 காணாது, 24 வேணும்.” கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தடி தூரத்தில் நின்றால் 28 மி.மீ. இல் ஏறத்தாழ 13 அடி அகலம் விழும், 24 இல் 15 அடி. ஆளுக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் மணவறையில் பத்துப் பேரை நிறுத்த 15 அடி வேண்டும். 28 வைத்திருப்பவர் அதற்கு இரண்டடிக்கும் குறைவாகப் பின்னுக்குப் போனால் போதும். மண்டபத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பின்னுக்குப் போவதில் நன்மையும் உண்டு: அகலக் கோணத்தில் கிட்ட நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்கிற மாமி இரட்டிப்பாகத் தெரிவா, பிறகு அல்பம் கொடுக்கும்போது கதை கேட்க வேண்டிவரும். 28 உண்மையில் இடிக்கிற இடம் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் சாமத்தியவீட்டுப் பிள்ளைக்கு அலங்காரம் நடக்கும்போது பின்னால் சுவர்தான் இருக்கும். அதற்கு வேறொரு அகல லென்ஸ் பையில் இருக்க வேண்டும். டாம்ரனின் 17-28 உம் 67 மி.மீ. ஃபில்டர்தான், 70-180 உம் அதேதான். ஒரு ஃபில்டரை வாங்கி மூன்றுக்கும் போடலாம். இது சின்ன விசயமாகத் தெரிந்தாலும் காசு மிச்சம்.

வீடியோக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோனி ஏ7 நாலாவது மொடலில் 4கே 60 பிரேமுக்குப் போனால் சென்சரின் நடுப்பகுதியை மட்டுமே எடுக்கும். 28 அப்போது 42 ஆகிவிடும். அந்த வேலைக்கு 28 நிச்சயமாகக் காணாது.

வாங்கின அன்றே பார்க்க வேண்டியவை சில. கைத்தொலைபேசி லைட்டைப் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் சரிவாகப் பாருங்கள். இரண்டாங்கைச் சாமான் என்றால் சிலந்திவலை மாதிரி மெல்லிய இழை தெரிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், அது பூஞ்சணம். ஒன்றிரண்டு தூசுப்பொட்டு படத்தில் தெரியாது, அதற்காகப் பேரம் குழம்ப வேண்டாம். கமரா அணைந்திருக்கும்போது லென்ஸை மெல்ல ஆட்டினால் உள்ளே டொக் என்று ஒரு சத்தம் கேட்கலாம். லீனியர் மோட்டார் உள்ள லென்ஸ்களில் மின் இல்லாத நேரம் போகஸ் கண்ணாடிக் கூட்டம் பிடியின்றி நிற்கும், அதன் சத்தம் அது. உடைந்துபோயிற்று என்று கடைக்குத் திருப்பிக் கொண்டோட வேண்டாம். கமராவை இயக்கியவுடன் சத்தம் நின்றால் சரி.

அடுத்தது, கண்ணாடி அச்சுச் சரியாக இருக்கிறதா என்ற சோதனை. முக்காலியில் வைத்து 2.8 இல், தூரத்தில் உள்ள ஒரே பொருளை (ஒரு தனிப்பனை நல்லது) சட்டத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு தரம் வைத்து எடுங்கள். 28, 50, 75 மூன்றிலும் செய்ய வேண்டும். மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் கூர்மை குறைந்திருப்பது வழமை. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும்விடக் கலங்கியிருந்தால் அந்த லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். இதைக் காலை ஏழு மணிக்கு முன் செய்யுங்கள். அரிவி வெட்டி முடிந்த வயல் வெளியில் பத்து மணிக்குப் பிறகு கானல் எழும்பத் தொடங்கும். 75 இல் எடுத்த தூரப் படம் எல்லாம் நடுங்கிக் கலங்கும். அது காற்றின் குற்றம், லென்ஸின் குற்றமில்லை. “75 இல் ஷார்ப் இல்லை” என்று வருகிற முறைப்பாடுகளில் ஒரு பங்கு இந்த வெயிலில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

லென்ஸின் உடம்பில் ஒரேயொரு பொத்தானும் ஒரு யூ.எஸ்.பி. சி துளையும் உண்டு. ஓட்டோ போகஸ், மனுவல் மாற்றுகிற சுவிச்சும் துவார வளையமும் இல்லை. யூ.எஸ்.பி. துளை மூலம் கணினியில் டாம்ரன் லென்ஸ் யுட்டிலிட்டி என்ற செயலியில் இணைத்தால் ஃபேர்ம்வெயர் (லென்ஸுக்குள் இருக்கிற மென்பொருள்) புதுப்பிக்கலாம், பொத்தானுக்கு வேலை கொடுக்கலாம், போகஸ் வளையம் திரும்புகிற விதத்தையும் மாற்றலாம். வீடியோ எடுப்பவர்கள் போகஸ் வளையத்தை லீனியருக்கு மாற்றிவிடுவது நல்லது. வளையத்தை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் அதே அளவு சுற்றுக்கு அதே அளவு போகஸ் நகரும், கை பழகிவிடும். பொத்தானை ஓட்டோ, மனுவல் மாற்றத்துக்கு வைத்தால் இல்லாத சுவிச்சின் குறையும் தீரும்.

லென்ஸுக்குள் நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. ஏ7 மூன்று, நாலு போல உடம்பிலேயே அது உள்ள கமராவில் கவலையில்லை. இல்லாத உடம்பில் 75 க்கு 80 இல் ஒன்றுக்குக் கீழே இறங்காதீர்கள். அசைகிற மனிதருக்கு எந்த உடம்பிலும் 125 இல் ஒன்றாவது வேண்டும், நடுக்கம் தடுப்பது கமராவை மட்டும்தான், மாப்பிள்ளையை இல்லை.

படத்தின் தரத்தில் நடுப்பகுதி 2.8 இலேயே நல்ல கூர்மை. ஓரங்களின் கூர்மை, துவாரம் 4, 5.6 என்று இறங்க இறங்க ஏறிவரும். 28 இல் நேர்கோடுகள் வளையும், அதைக் கமராவே ஜேபெக்கில் நிமிர்த்திவிடும். ரோ கோப்பு (கமரா திருத்தாத மூலப்படம்) எடுப்பவர்கள் லைட்ரூமில் லென்ஸ் ப்ரொஃபைலைப் போட மறந்தால் மண்டபத் தூண்கள் தொந்தி வைத்து நிற்கும். வெள்ளை வானத்துக்கு எதிரே பனையோலை வந்தால் ஓலை விளிம்பில் ஊதா, பச்சைக் கோடு விழுகிறதா என்று ஓரத்தில் பாருங்கள். அதுவும் ஒரு கிளிக்கில் போய்விடும்.

தாலி, கூறை, மோதிரம் எடுக்கிற இடத்தில் இந்த லென்ஸ் ஒரு ஆசை காட்டும். 28 இல் சென்சரிலிருந்து 18 செ.மீ. வரை கிட்டப் போகலாம், 97 மி.மீ. அகலமான பகுதி சட்டம் நிறைய வரும். ஆனால் அந்தத் தூரத்தில் லென்ஸின் முன்நுனிக்கும் தட்டில் உள்ள தாலிக்கும் இடையில் நாலு செ.மீ. போலத்தான் இடம். ஹூட் போட்டிருந்தால் அதன் நிழல் தட்டில் விழும், மினுக்கின பவுணில் லென்ஸின் கறுப்பு வட்டம் அப்படியே தெரியும். ஆகவே 75 க்குப் போய் 38 செ.மீ. இல் எடுங்கள். அகலம் 148 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஆறு அங்குலம். தாலிக்கொடிக்கு அது தாராளம். மோதிரத்துக்குக் கொஞ்சம் வெட்டிப் பெருப்பிக்க வேண்டும். துவாரத்தை 8 க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் தாலியின் ஒரு பக்கம் மட்டுமே தெளியும்.

இதே கணக்கு ஆட்களுக்கும். 75 இல், 2.8 இல், இரண்டு மீற்றர் தூரத்தில் தெளிவாக இருக்கிற ஆழம் வெறும் 12 செ.மீ. பொம்பிளையின் கண்ணில் போகஸ், அவவுக்கு அரைச்சாண் பின்னால் நிற்கிற மாப்பிள்ளை மங்கல். இருவரும் தெளிய 5.6 க்குப் போனால் 24 செ.மீ. கிடைக்கும். மறுபக்கம், 28 இல் மூன்று மீற்றரில் 2.8 வைத்தாலும் 2.3 மீற்றரிலிருந்து 4.4 வரை தெளிவு, இரண்டு வரிசைக் குடும்பப் படம் தப்பிவிடும்.

சரி, புழுதி. வன்னியில் இந்த லென்ஸைப் பற்றிப் பேசவேண்டிய முதல் விசயம் இதுதான். 28 இல் குட்டையாக இருக்கிற லென்ஸ், 75 க்குத் திருப்பும்போது உட்குழலை வெளியே தள்ளும். நீளும்போது உள்ளே காற்று இழுபடும், சுருங்கும்போது வெளியே போகும். காற்றோடு என்ன வருகிறதோ அதுவும் வரும். டாம்ரன் ஈரம் புகாதபடி அடைப்புப் போட்டிருக்கிறது, கமராவோடு பொருந்துகிற மவுண்டில் ரப்பர் வளையம் உண்டு, முன்கண்ணாடியில் ஃபுளோரின் பூச்சும் உண்டு. எல்லாம் தூறலுக்குத் தாங்கும். சோழகம் வீசுகிற வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிறவல் ரோட்டில் ஒரு டிப்பர் போனபின் தொங்குகிற செம்மண் தூள் மாவிலும் நைசு. அதற்கு எந்த அடைப்பும் முழுக்காவல் இல்லை.

செய்ய வேண்டியது பழக்கம். மோட்டார்சைக்கிளில் போகும்போது லென்ஸ் 28 இல் சுருங்கியபடி, ஸிப் போட்ட பைக்குள். எடுத்து முடிந்ததும், நீண்ட குழலை உள்ளே இழுக்க முன் மெல்லிய தூரிகையால் சுற்றிவரத் தட்டிவிடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். குழலில் ஒட்டின தூளோடு சுருக்கினால் அது நேரே ரப்பர் விளிம்புக்குப் போய் அங்கே அரைபடும், நாளடைவில் சூம் வளையத்தில் கரகரப்பு வரும். லென்ஸ் மாற்றுவதென்றால் வாகனத்துக்குள் கண்ணாடி ஏற்றிவிட்டு, கமராவின் வாய் கீழே பார்க்க மாற்றுங்கள்.

துடைக்கும் ஒழுங்கு: முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும், கண்ணாடி கீழே பார்த்தபடி. பிறகு தூரிகை. கடைசியாகத்தான் துணி, திரவத்தைத் துணியில் விட்டு. ஊதாமல் துணியை வைத்தால் செம்மண்ணுக்குள் இருக்கிற மணல் கண்ணாடியைக் கீறும். டயர்க்கடைக் கொம்பிரசரால் அடிப்பது கூடவே கூடாது. அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும், அமுக்கமோ தூளை இன்னும் உள்ளே தள்ளும். வானத்தில் கரும்பொட்டுத் தெரிந்தால் துவாரத்தை 16 இல் வைத்து வெள்ளைச் சுவரைப் போகஸ் கலைத்து எடுங்கள். சூம் பண்ணினாலும் அசையாத பொட்டு சென்சரில் இருக்கிறது. லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பு காயவிட்டால் மவுண்டைச் சுற்றிப் பூக்கும். குளிரூட்டின மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கண்ணாடி வேர்க்கும். பைக்குள் வைத்து மூடி இருபது, முப்பது நிமிடம் விட்டு எடுத்தால் வேர்க்காது. வேர்த்தபின் சூம் பண்ணினால் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக் கொடுத்த மாதிரி.

மாரியில் பூஞ்சணம். இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஈரப்பதன் 40 க்கும் 50 க்கும் இடையில் நிற்கட்டும். நீல ஜெல் ரோசாவானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் நீல நிறம் கோபால்ட் உப்பு, சமைக்கிற தாச்சியில் வறுக்க வேண்டாம். அரிசிக்குள் லென்ஸைப் புதைப்பது பயனில்லாத வேலை, தவிட்டுத் தூள்தான் மிஞ்சும்.

வீடியோவுக்கு இரண்டு வரி. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே 25 பிரேம், 50 இல் ஒன்று, இல்லாவிட்டால் எல்.ஈ.டி. மணவறையில் பட்டைபட்டையாக ஓடும். நடுப்பகல் வெயிலில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று அதே வேகத்தில் 2.8 இல் எடுக்க ஐ.எஸ்.ஓ. 100 க்கு ஆறு ஸ்டொப் குறைக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. 64 ஃபில்டர். கமராவை ஆடாமல் தாங்குகிற கிம்பலில் வைத்தால் சூம் பண்ணப் பண்ணச் சமநிலை குலையும், 35 இலோ 50 இலோ நிறுத்தி அதற்கே சமப்படுத்துங்கள்.

சோனி ஏ6400 போன்ற, சென்சர் சின்னதாக உள்ள ஏ.பி.எஸ்.-சி உடம்புக்கு இதை வாங்காதீர்கள். 42 இலிருந்து 112 வரை போன்ற கோணம்தான் வரும், வீட்டுக்குள் ஒன்றும் எடுக்க முடியாது. அதற்கு டாம்ரன் 17-70 அல்லது 290 கிராம் எடையுள்ள சிக்மா 18-50 சரி. ஃபுல் ஃப்ரேமில் எடைதான் முக்கியம் என்றால் சிக்மா 28-70 எஃப் 2.8 வெறும் 470 கிராம், ஆனால் அடைப்பு மவுண்டில் மட்டும், இந்த மண்ணுக்கு அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயம். நிக்கோன் இசட் வைத்திருப்பவர்களுக்கு 2025 இல் வந்த 24-70 இரண்டாம் பதிப்பு சூம் பண்ணும்போது நீளாது, 675 கிராம். புழுதிக்கு அந்த அமைப்புத்தான் சரி. விலையைப் பார்த்தால் டாம்ரனும் நல்ல ஒரு தூரிகையும் ஊதுபந்தும் வாங்கலாம் என்று தோன்றும்.