பட்டாபிஷேகத்தன்று எனக்கு பூத் டூட்டி

ஏப்ரல் 6, 2024, சனி

மகளுக்கு ஆறாம் வகுப்பு அட்மிஷன். விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே சாதி. மதத்தில் கோடு இழுத்துவிட்டு நீட்டினேன். அலுவலகத்தில் இருந்த அக்கா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களே டீச்சர். நீங்களே இப்படி விட்டா எப்படிங்க?"

1973லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது, பெற்றோர் விரும்பினால் சாதி, மதம் இல்லை என்று எழுதலாம், காலியாகவும் விடலாம். 2000ல் அதையே மறுபடி வலியுறுத்தி இன்னொரு ஆணை. நகலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அக்கா பொறுமையாகப் படித்துவிட்டு, "ஆர்டர் சரிதாங்க, ஆனா கம்ப்யூட்டர்ல இந்தக் கட்டத்தை நிரப்பலைன்னா அடுத்த பக்கமே போக மாட்டேங்குது" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்று வரிசையாக வந்து கடைசியில் 'மற்றவை'. "மற்றவைன்னு போட்டுரட்டா?" என்றார். இல்லை என்பது எப்படி மற்றவை ஆகும்? கடையில் சட்னி வேண்டாம் என்றால் வேறு சட்னி ஊற்றுகிற மாதிரி இருக்கிறது. தேர்தல் முடிந்ததும் வரச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை. அவர் பட்டியல் சாதி, நான் வேறு. பிள்ளைக்கு அவர் சாதிச் சான்றிதழ்தான். 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியில் வர மாட்டார். சீக்கியரை 1956லும் பௌத்தரை 1990லும்தான் சேர்த்தார்கள். எதையுமே பின்பற்றாதவர் 'வேறு மதத்தவர்' ஆவாரா என்று நான் கேட்டேன். அவர் சொன்னார்: "அதைத் தாசில்தார் ஆபீஸ்ல நின்னு நீ வாதாடு. எங்கப்பா சாமி கும்பிட்டதே இல்ல, ஆனா சர்டிபிகேட்ல இந்துன்னு இருந்ததாலதான் நான் படிச்சேன்."

பதில் சொல்ல முடியவில்லை. 2019ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கியபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான். இட ஒதுக்கீடு கேட்க மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர்களுக்குத்தான் அந்தத் தாள் சுலபம் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

தேர்தல் பயிற்சி வகுப்பு. ஃபேன் ஓடாத ஹால், நானூறு வாத்தியார்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், பிறகு மறக்காமல் அழிக்க வேண்டும் என்பதையே பத்துத் தடவை சொன்னார்கள். எனக்கு மை வைக்கிற வேலை.

பக்கத்தில் இருந்த சார் ஒருவர், மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் என்னதான் ஆகும் என்று கேட்டார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)ன்படி அது முறைகேடு, ஜெயித்தாலும் தேர்தல் செல்லாமல் போகலாம். வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது, அதுவும் நாலுக்கு மூன்று. ஒரு நீதிபதி அந்தப் பக்கம் போயிருந்தால் கதை வேறு. சார் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாரையும்ல உள்ள போடணும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 12, வெள்ளி

மீனாட்சி கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. அம்மா காலையிலேயே போய்விட்டு வந்து எனக்கும் குங்குமம் நீட்டினாள், நான் வழக்கம்போல வாங்கி அலமாரியில் வைத்தேன். இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் சிக்கல் இல்லை. அவள் கொடுப்பாள், நான் வாங்குவேன், பூச மாட்டேன்.

ராத்திரி அவர், "உன் மதச்சார்பின்மைப்படி அரசாங்கம் கோயில் பக்கமே போகக் கூடாதுல்ல, அப்ப எங்க தாத்தா எப்படி உள்ள போயிருப்பார்?" என்று ஒரு போடு போட்டார். 1939 ஜூலை 8. மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேரையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார், அந்த ஐந்து பேரில் கக்கனும் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு துணை நின்றார், சில பட்டர்கள் பூஜைக்கு வரமாட்டோம் என்று ஒதுங்கினார்கள். போனவர்கள் மேல் வழக்குப் பாயாமல் இருக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் போட்டது. அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு 'அது மத விஷயம்' என்றிருந்தால்?

அமெரிக்காவில் 1802ல் ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில் சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்று எழுதினார், பிரான்ஸில் 1905ல் சட்டம் போட்டுத் தனித்தனியாகப் பிரித்தார்கள். கல்லூரியில் படித்தபோது எனக்கும் அந்தச் சுவர்தான் பிடித்திருந்தது. நம் அரசியல் சாசனம் சுவர் எழுப்பவில்லை. 25ஆம் பிரிவில் மதச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறது. சாதி பூட்டிய கதவை வேறு யார் திறப்பது என்பதுதான் காரணம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்துவிட்டு வெளியே வர வேண்டுமில்லையா? 1959 அறநிலையத் துறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆணையர் தொடங்கி அதிகாரிகள் இந்து மதத்தவராக இருக்க வேண்டும், அந்த மதத்தை விட்டால் பதவியும் போகும் என்கிறது. கணக்குப் பார்க்கிற வேலைக்கு எதற்கு நம்பிக்கை? வேறு மதத்துக்காரர் வந்து உட்கார்ந்தால் ஒத்துக்கொள்வோமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம். ஒரு மணி ஆகிவிட்டது, தூங்கிவிட்டோம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்றும் அம்பேத்கர் பிறந்த நாளும் ஒன்றாக வந்துவிடுவதால் எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் மாலை போடுவதும் ஒரே நாளில் முடிகிறது. மகளுக்கு அரசியல் நிர்ணய சபைக் கதை ஒன்று சொன்னேன். 1949 அக்டோபர் 17, முகவுரையை எடுத்துக்கொண்ட நாள். எச்.வி.காமத் எழுந்து, 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார். உடனே அஸ்ஸாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, ஏன் கடவுள் மட்டும், நாங்கள் சக்தியை வணங்குகிறவர்கள், 'தேவியின் பெயரால்' என்று போடுங்கள் என்றார். வேண்டாமே என்று பலர் சொல்லியும் காமத் விடவில்லை, வாக்கெடுப்பு நடந்தது. கடவுளுக்கு 41, எதிராக 68.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். நம்பிக்கை வேறு, சாசனம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே சபையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி கே.டி.ஷா கேட்டதும் தோற்றது, அந்தச் சொல் முகவுரைக்குள் வர 1976 ஆனது.

மகள் கேட்டாள்: "மீனாட்சி பேரால்னு யாரும் கேக்கலையாம்மா?"

ஏப்ரல் 18, வியாழன்

மேலூர் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. பேர் வேண்டாம். மெஷின், சீல், அரக்கு, நூல் எல்லாம் இறக்கி முடிக்கவே இருட்டிவிட்டது. மதியம் வந்த அதிகாரி, தலைவர்கள் படம் எதுவும் தெரியக் கூடாது என்றதால் காமராஜர், அண்ணா முகத்தில் நியூஸ்பேப்பர் ஒட்டியாயிற்று. அதே சுவரில் சரஸ்வதி படம், வீணையோடு, ஊதுபத்தி எரிந்த சாம்பலோடு. அதை யாருமே பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

1968ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. இன்றைக்கு அவர் முகம் தினசரிக்குப் பின்னால், பக்கத்தில் சரஸ்வதி சௌகரியமாக. சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுக்கப் போனவள், விதிமுறை ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். ஆயுத பூஜை பற்றி நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2011ல் சொன்னதையும் நினைத்துக்கொண்டேன், அலுவலகத்தில் கொண்டாடுவது மதச்சார்பின்மைக்கு விரோதமில்லை, வேலை செய்யும் இடத்துக்கும் பொருளுக்கும் காட்டும் மரியாதை என்று. எனக்கு உடன்பாடில்லை. அந்த அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காக வந்து நிற்கும் முஸ்லிம் கிழவருக்குச் சந்தனத் தட்டை நீட்டினால் அவர் என்ன செய்வார், மறுப்பாரா, மறுத்தால் கையெழுத்து அன்றைக்கே கிடைக்குமா என்ற சந்தேகம் அவருக்கு வருமா வராதா? என் குங்குமத்தை அலமாரியில் வைக்க என்னால் முடிகிறது, ஏனென்றால் கொடுத்தது அம்மா. அரசாங்கம் கொடுத்தால் அப்படி வைக்க முடியாது.

கொசு. தூக்கம் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி (எழுதுவது சனிக்கிழமை)

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. அதற்கு முன்னால் எங்கள் தலைமை அலுவலர் சார் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து மெஷின் பெட்டி மேல் மூன்று விரலால் இழுத்தார். ஏஜெண்டுகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"சார், மெஷினுக்கு மதம் உண்டா?"

"டீச்சர், நடுவுல மெஷின் நின்னா உங்க பெரியாரா வந்து சரி பண்ணுவார்?"

"மெஷின் செஞ்ச பெல் கம்பெனி இன்ஜினியர் வருவார் சார்."

எல்லோரும் சிரித்தார்கள், சாரும்தான், சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தும் விட்டார். நல்ல மனிதர். சாயங்காலம் ஆறு வரை மெஷின் ஒருமுறை கூட நிற்கவில்லை, ஒவ்வொரு மணிக்கும் "பாத்தீங்களா" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மதியம் ஒரு பாட்டி, எண்பது இருக்கும், விரலில் மை வைத்ததும், "இன்னைக்கு ஆத்தாளுக்குப் பட்டாபிஷேகம், தெரியுமா தாயி?" என்றாள். தெரியும் என்றேன். மீனாட்சிக்கு முடி சூட்டிச் செங்கோல் கொடுக்கும் நாள், சித்திரையிலிருந்து ஆடி வரை நாலு மாதம் மதுரையில் அவள் ஆட்சி, ஆவணியிலிருந்து சொக்கர். அம்மன் சார்பில் செங்கோலை வாங்கிக்கொண்டு வருகிறவர் அரசு வழியாக வந்த அறங்காவலர் குழுத் தலைவர், அது வேறு வேடிக்கை. பாட்டி ஓட்டைப் போட்டுவிட்டு, 'பீப்' சத்தம் கேட்டதும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விபூதிக்கு வாயைத் திறந்த நான் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. பூசியது அரசாங்க நாற்காலி, ஒற்றிக்கொண்டது பாட்டி. சார் கிட்ட இதைத்தான் விளக்கப் பார்த்தேன், "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்கிறார்.

மெஷினை ஒப்படைத்து வீடு வர ராத்திரி இரண்டு மணி.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். தெருவில் பெண்கள் எல்லோரும் தாலிக் கயிறு மாற்றுகிற நாள். எதிர்வீட்டு அக்கா எனக்கும் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்களுடையது சுயமரியாதைத் திருமணம், தாலி இல்லை. ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சொல்லியிருந்தது, 1967ல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் சட்டப்படி நாங்கள் புருஷன் பெண்டாட்டி. அதுவும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள்ளேதான், இரண்டு இந்துக்களுக்கு இடையில்தான். கடவுள் மறுப்புக் கல்யாணத்துக்கும் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

அம்மாவுக்கு முழங்கால் வலி, தனியாக விட முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பி ஆற்றங்கரைக்குப் போனோம். செம்பில் சர்க்கரை, மேலே வாழை இலை, அதன்மேல் சூடம். அழகர் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார், போலீஸ், மாநகராட்சி, மின் வாரியம், எல்லாம் அரசாங்கம்தான். 2019ல் சித்திரைத் திருவிழாவும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் மோதியபோது மதுரைத் தொகுதிக்கு மட்டும் ராத்திரி எட்டு மணி வரை வாக்குப்பதிவு நேரத்தை நீட்டினார்கள்.

இதில் எது தப்பு என்று கேட்டால் எனக்குத் திணறும். லட்சக்கணக்கில் ஜனம் கூடினால் போலீஸ் வரத்தான் வேண்டும், சாமிக்காகக் கூடினாலும் சினிமாவுக்காகக் கூடினாலும். நெரிசலில் 2022ல் இரண்டு உயிர் போயிருக்கிறது. தண்ணீர்? கீழே கண்மாய்க்கும் கிணற்றுக்கும் அது ஊறத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், மனசுக்குள் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

அழகர் வந்தார். அம்மா அழுதாள், அவளோடு ஆயிரம் பேர் அழுதார்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் என் புடவையை முழுக்க நனைத்துவிட்டார்கள். வெளியே வந்து ரோட்டோரப் பந்தலில் நீர்மோர் குடித்தோம், ஊற்றிக் கொடுத்த பையன் தொப்பி போட்டிருந்தான். அம்மா இரண்டு டம்ளர் வாங்கினாள்.

ஏப்ரல் 27, சனி

மறுபடி பள்ளி அலுவலகம். அதே அக்கா. இந்த முறை வீட்டுக்காரரும் வந்திருந்தார், என் பக்கம் பேசுவதற்கா அக்கா பக்கம் பேசுவதற்கா என்று வழியெல்லாம் சொல்லவில்லை. சாதிக் கட்டத்தில் சான்றிதழில் உள்ளபடி எழுதிக்கொடுத்தோம். மதக் கட்டத்துக்கு ஆணையின் நகலை இணைத்து, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். அவர்தான் கையெழுத்துப் போட்டார், தகப்பன் என்ற இடத்தில், ஒன்றும் பேசாமல். அக்கா கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, மேலே எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரும்வரை கம்ப்யூட்டரில் ஏற்றாமல் வைக்கிறேன், சீட்டு போகாது பயப்படாதீங்க என்றார்.

மகள் மட்டும் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்த மற்றவையில யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள். அக்காவுக்கும் தெரியவில்லை.